ஆறு கால் எழுத்து

பட்டியலில் அது இல்லை.

ப்ளோவ்திவ் நகரில் ஜனவரி.
உருகிய பனி மறுபடி உறைந்து தெரு வழுக்குகிறது.
பொம்மலாட்ட அரங்கின் நிலவறையில்
ஹீட்டருக்கும் கணினிக்கும் சேர்த்து ஒரே ப்ளக் பாயின்ட்,
ஒன்று ஓடினால் மற்றது ஓடாது.
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

பணம் கட்டியாயிற்று. இறக்கியாயிற்று.
நிறுவல் வெற்றி என்று பச்சை டிக் வேறு.
பந்தி முடிந்தது, தாலி கட்டியாயிற்று என்கிறார்கள்,
மாப்பிள்ளையை மட்டும் காணோம்.

எனக்கு வேண்டியது ஒரு கிணறு.
நாளைக் காலை பத்து மணி ஆட்டத்தில்
நரிப் பொம்மை கிணற்றில் விழும்.
விழுந்த பிறகு அதன் குரல் கிணற்றிலிருந்து வரவேண்டும்.
தொண்ணூறு லெவாவுக்குக் கிணறு விற்கிறார்கள்.
ஆழம், ஈரம், சுவர்க்கல்லின் வயது
எல்லாவற்றுக்கும் திருகு உண்டு.

மீண்டும் தேடு என்றேன்.
கணக்கெடுப்புக்கு வந்த ஆள் மாதிரி
ஒவ்வொரு கோப்பாகக் கதவு தட்டிப் போகிறது மென்பொருள்.
நூற்றுப் பன்னிரண்டாவது வாசலில் நின்று,
கொஞ்சம் யோசித்து,
அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது.

முப்பத்திரண்டு பிட்டா, அறுபத்துநான்கா, பார்த்தேன்.
ஃபோல்டர் சரியா, பார்த்தேன்.
வைரஸ் காவலைத் தூங்கவைத்தேன்.
தடைப்பட்டியலைத் துடைத்தேன்.
நிர்வாகியாக இயக்கினேன்.
நீக்கினேன், நிறுவினேன், நீக்கினேன்.
அணைத்துப் பத்து வரை எண்ணச் சொல்வார்கள்,
நான் இருநூறு வரை எண்ணினேன்.
அவ்வளவு நேரம் ஹீட்டர் ஓடியது.

ஒன்றரை மணிக்கு ஷிவ்கோ வந்தார்.
விளக்குக்காரர். கணினி அவருடையது.
தோளில் ஏணி, வாயில் சூரியகாந்தி விதை.
"என்னைக் கேட்டால்," என்றார், நான் கேட்கவில்லை,
"முதலில் வயரைப் பார்."
இதில் வயரே கிடையாது என்றேன்.
"வயர் இல்லாமல் ஒன்றும் கிடையாது."

பிழைப் பதிவைத் திறந்தோம். நாலாயிரம் வரி.
கீழிருந்து மேலாகப் படித்தோம், கடன் பத்திரம் படிப்பதுபோல.
ஓரிடத்தில் முகவரி அறுந்து கிடந்தது:
பயனர், சாய்கோடு, ஐந்து கேள்விக்குறி.

அவர் பெயரில் ஐந்து எழுத்து.

எங்கள் எழுத்தில் அது ஒரு பூச்சியில் தொடங்கும்.
நடுவில் ஒரு குச்சி,
ஆறு காலும் விரித்து மல்லாந்த வண்டு.
கிணற்றைச் செய்தவன் எந்த ஊரோ,
இருபத்தாறு எழுத்துக்கு மேல் எண்ணியதில்லை போல.
வாசலில் வண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு
உள்ளே வராமல் திரும்பியிருக்கிறது
அவ்வளவு பெரிய கிணறு.

"என் பெயரா கோளாறு?"
விதைத் தோலை உள்ளங்கையில் துப்பினார்.
"ராணுவத்தில் எழுதினார்கள். வங்கியில் எழுதுகிறார்கள்.
ஐம்பத்தெட்டு வருஷத்தில் எங்கும் மாட்டியதில்லை."
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
பெயரை மாற்றினாலும் ஃபோல்டர் மாறாது என்றேன்,
அது இன்னும் மோசமாகக் கேட்டது.

புதிய கணக்குதான் வழி. லத்தீன் எழுத்தில், கால் இல்லாமல்.
என்ன பெயர் போடட்டும்?
சுவரில் சாய்த்திருந்ததைப் பார்த்து
"ஏணி" என்றார்.

ஏணி என்பவன் பிறந்தான்,
கடவுச்சொல் வைத்தான், கிணறு வாங்கினான்.
மூன்று பத்துக்குப் பட்டியலில் வந்தது.
நரியின் குரலை உள்ளே இறக்கினேன்.
பாசி கேட்டது. தொலைவில் ஒரு சொட்டு கேட்டது.
ஷிவ்கோ மெல்வதை நிறுத்தினார்.

ஒன்பது மணிக்கு இயக்குநர் மிலென்கோவா கேட்டார்,
தலைக்கு மேல் கைவைத்துக்கொண்டு.
"சின்னப் பிள்ளைகள். அழுதுவிடும். வேண்டாம்.
வாளிக்குள் பேசச் சொல்."
வாளி இருந்தது, தரை துடைக்கிற வாளி.
ஆட்டத்தில் நரி அதற்குள் பேசியது.
முன்வரிசையில் ஒரு பையன் எழுந்து
"அது வாளி!" என்று கத்தினான்.
எல்லாரும் சிரித்தார்கள், நரியும்.

மாலையில் மூடப்போனபோது
திரையில் இரண்டு வட்டம், பக்கத்துப் பக்கத்தில்:
வண்டு, ஏணி.
ஏணியை அழித்துவிடட்டுமா என்றேன்.
ஷிவ்கோ பல்பு மாட்டிக்கொண்டிருந்தார்.
"இருக்கட்டும்," என்றார் மேலிருந்து,
"தொண்ணூறு லெவா அவனிடம்தானே இருக்கிறது."